ஏழு நாளுக்குள் இரண்டாம் முறை

ஸ்டவர்பிரிட்ஜ் ஏழையர் விடுதியில்
தண்டனைப் பேரேடு என் பொறுப்பு.
ஆறு கட்டம், கோடு போட்ட தாள்.
ஜனவரியில் மை உறையாமலிருக்கக்
குப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுதுவேன்.

முதல் முறை தட்டைக் கவிழ்த்தால்
ஒழுங்கீனம் என்று எழுத வேண்டும்.
வெண்ணெய் கிடையாது, தேநீர் கிடையாது,
இரண்டு நாள் மதியம் உருளைக்கிழங்கு மட்டும்.
ஏழு நாளுக்குள் இன்னொரு முறை கவிழ்த்தால்
ரிஃப்ராக்டரி.
எட்டாம் நாள் கவிழ்த்தால் மறுபடி வெறும் ஒழுங்கீனம்.
அந்தச் சொல்லுக்குப் பொருள் பார்க்க
நான் நாட்காட்டியைத்தான் புரட்டுவேன்.

மூன்று ரகரம் அதில்.
எனக்கு முந்திய குமாஸ்தா
ஒன்றை விழுங்கியே எழுதியிருக்கிறார், பதினோரு வருஷம்.
அடைபட்டவர்களுக்கு வாசிக்கத் தெரியாது.
அடைத்தவர்கள் வாசிப்பதில்லை.

கெசையா ட்ரோமன்ஸ், வயது முப்பத்து நான்கு.
லை ஊர்ச் செங்கல் களத்தில்
தலைமேல் ஒரு கட்டி, வயிற்றோடு ஒரு கட்டி என்று
ஈரக் களிமண் சுமந்தவள்.
திங்களன்று தார்க்கயிறு பிரிக்க மாட்டேன் என்றாள்.
வியாழனன்று, பிரித்த நார் அத்தனையையும்
மேலாளர் பார்டோவின் தொப்பிக்குள் திணித்துத்
தொப்பியை அடுப்பில் வைத்தாள்.

திங்களிலிருந்து வியாழன்.
விரல் விட்டு எண்ணினேன். எண்ணத் தேவையில்லைதான்.

"அடங்காப்பிடாரி" என்றார் பார்டோ, வாயால்.
தாளுக்கு அது ஆகாது.
விதிப்படி, எழுதியதை அவள் முன் வாசித்தேன்.
சொல் வந்ததும் சிரித்தாள்.
"மறுபடி சொல்லு."
சொன்னேன்.
"எங்க களத்துல அதுக்கு
ஆயிரத்துக்குப் பத்து ஷில்லிங் கூட வெலை.
கண்ணாடி உலைக்குள்ள மாசக்கணக்கா நிக்கும்.
உருகாது, வெடிக்காது.
மொதலாளி அந்தச் சொல்லச் சொன்னா
பெத்த புள்ள பேரச் சொல்றாப்ல இருக்கும்."

பார்டோ சிரிக்கவில்லை. தொப்பியும் இல்லை அவரிடம்.
இருபத்து நான்கு மணி நேரம், ரொட்டி, தண்ணீர்.

அன்றிரவு கணப்பின் முன் உட்கார்ந்து
அந்தச் சொல்லை வாயிலிட்டுப் புரட்டினேன்.
மருந்துக்கு மசியாத புண்ணையும் எங்கள் டாக்டர்
அப்படித்தான் சொல்வார்.
புண், செங்கல், கோவேறு கழுதை, கெசையா.
எதற்கு முன்னால் அது நின்றாலும்
அதன் பின்னால் யாரோ ஒருவர்
கை ஓய்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார்.
தன் பெயருக்கு முன்னால் அதைத்
தானே வைத்துக்கொண்டவர் எவருமில்லை
என்று நினைத்தபடி தூங்கிப்போனேன்.

வெள்ளிக்கிழமை வெளியே வந்த கையோடு
போகிறேன் என்று தெரிவித்தாள்.
மூன்று மணி நேரம் முன்னதாகச் சொல்லிவிட்டால்
யாரும் போகலாம். அதுவும் விதிதான்.
அவளுடைய சொந்தப் பாவாடை வந்தது,
ஓரத்தில் பழைய களிமண்ணோடு.
கையெழுத்துக்குப் பெருக்கல் குறி போட்டவள்
பேனாவைத் தராமல் நின்றாள்.
"அந்தச் சொல்ல எழுது."
"எங்கே?"
"எம் பேருக்கு முன்னால."
அதற்குக் கட்டமில்லை என்றேன்.
உண்மை.
ஓரத்தில் இரண்டு விரற்கடை வெற்றிடம் இருந்தது.
அதுவும் உண்மை.

கதவைச் சாத்தாமல் போனாள். பனி உள்ளே வந்தது.

பிறகு விளக்கை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போனேன்.
சுவர், லை களத்துச் செங்கல் என்று கேள்வி.
ஈரத்தில் பதிந்த பெருவிரல் ஒன்றாவது
தட்டுப்படுமா என்று தடவிப் பார்த்தேன்.
சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.

வெள்ளை விரலோடு மேசைக்குத் திரும்பி,
பேரேட்டைத் திறந்து,
அந்த இரண்டு விரற்கடையில் பேனாவை வைத்தேன்.
எழுதவில்லை.
குப்பியைக் கக்கத்தில் வைக்க மறந்திருந்தேன்.